மைக்கை மாற்றுவதற்கு முன்னால்

கையில் இருந்தது இருபத்தைந்தாயிரம் ரூபாய். தீபாவளி சீசனில் லோடு ஆட்டோ ஓட்டி மிச்சம் பிடித்தது. அதை வைத்து வீட்டிலுள்ள ரெக்கார்டிங் சாமான்களில் எதை முதலில் மாற்றுவது என்று எனக்கும் என் மனைவிக்கும் கார்த்திகை மாதம் முழுவதும் வாக்குவாதம். நான் மைக் என்றேன். மைக்கில் ஒரு குறையும் இல்லை என்றாள் அவள். இந்த விஷயத்தில் அவள் சொல்வதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வாசிப்பது அவள் வேலை, கேட்பது என் வேலை என்று நாங்கள் பிரித்துக்கொண்டு ஒன்றரை வருடம் ஆகியிருந்தது.

அவள் சிவகாசியில் ஒரு காலண்டர் அச்சகத்தில் புரூஃப் பார்க்கிறவள். தினசரி காலண்டர் தாளில் ராகு காலம், எமகண்டம், நல்ல நேரம் என்று பொடிப்பொடியாக அச்சாகும். ஒருவர் சத்தமாக வாசிக்க, இன்னொருவர் பேனாவோடு பார்த்துக்கொண்டே வருவார். பதினோரு வருடமாக வாசிக்கிற ஆள் என் மனைவிதான். பக்கத்து அறையில் மெஷின் ஓடும். அந்தச் சத்தத்துக்கு மேலே அவள் குரல் தெளிவாகக் கேட்கும். தொண்டை கட்டி ஒரு நாள் லீவு போட்டால், அன்றைக்கு வேலை பாதிதான் நடக்கும் என்று அவளோடு வேலை பார்க்கிற பெண்கள் என்னிடமே சொல்லியிருக்கிறார்கள்.

இந்த சீசனில்தான் ஆபீசில் அந்தச் செய்தியைச் சொன்னார்கள். தை பிறந்தால் புரூஃபுக்கு நான்கு பேர் வேண்டாம், இரண்டு பேர் போதும், மீதியைக் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும். போகிற இரண்டு பேரில் அவள் ஒருத்தி. அவள் அழவெல்லாம் இல்லை. சாப்பாட்டுத் தூக்கைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, “அப்ப அந்த மெட்ராஸ் வேலை கிடைச்சாத்தான் உண்டு” என்றாள்.

மெட்ராஸ் வேலை என்றால், கதைப் புத்தகங்களை வாசித்துப் பதிவு செய்து கொடுக்கிற வேலை. அதுவரை நாங்கள் எடுத்ததெல்லாம் ஜவுளிக்கடை விளம்பரம், பட்டாசுக்கடை ஆஃபர், ஆட்டோவில் ஒலிபரப்புகிற கோயில் கொடைவிழா அறிவிப்பு, இவ்வளவுதான். அவள் செல்போனில் வாசித்து அனுப்பிய ஒரு பக்கத்தைக் கேட்டுவிட்டு அந்தக் கம்பெனிக்காரர்கள் குரல் பிடித்திருக்கிறது என்றார்கள். வீட்டில் முறையாகப் பதிவு செய்து மூன்று முறை மாதிரி அனுப்பலாம், மூன்றில் ஒன்று தேறினால் மாதம் ஒரு புத்தகம் என்று நிபந்தனை. முதல் மாதிரி திரும்பி வந்தது. ‘குரல் நன்று. ஆனால் ச, ஸ எல்லாம் காதில் சீறுகிறது. பின்னணியில் ஒரு பீப் சத்தம் இருக்கிறது’ என்று எழுதியிருந்தார்கள். இரண்டாவதும் திரும்பியது. ‘அதே குறைகள், முன்பைவிட அதிகம்’ என்று ஒரே வரி. மூன்றாவது மார்கழி முடிவதற்குள் போக வேண்டும். அதுவும் திரும்பினால் தையில் அவளுக்கு அச்சகமும் இல்லை, இதுவும் இல்லை.

இந்த இடத்தில் என் காதைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பதினேழு வருடம் நான் ஒரு பட்டாசுக் கம்பெனியில் சாம்பிள் பார்த்தவன். ஒவ்வொரு லாட்டிலிருந்தும் நாலைந்து வெடியை எடுத்து, தாயில்பட்டிப் பக்கம் ஒரு பொட்டலில் வைத்துப் பற்றவைத்துப் பார்ப்போம். மற்றவர்கள் புகையையும் சிதறுகிற காகிதத்தையும் பார்ப்பார்கள். நான் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டேன். சத்தத்தை வைத்தே மருந்து கம்மி, சணல் இறுக்கம் போதவில்லை, காகிதத்தில் ஈரம் என்று சொல்லிவிடுவேன். காதில் வைக்கப் பஞ்சு கொடுத்தார்கள். பஞ்சை வைத்துக்கொண்டால் எதைக் கேட்டு எதைச் சொல்வது? அதைச் சட்டைப் பையில் போட்டுவிடுவேன். சாயங்காலம் சட்டையைத் துவைக்கப் போடும்போது பையில் ஒரு பிடி பஞ்சு இருக்கும். யாராவது சந்தேகம் கேட்டால் முதலாளி அண்ணாச்சி, “ஏலே, அவன்ட்ட கேளு. அவன் காது பொய் சொல்லாது” என்பார். அந்த ஒரு வார்த்தைக்காகவே கூட இரண்டு வருடம் அங்கே இருந்தேன். முதலாளி வீட்டு அண்ணன் தம்பிக்குள் பாகப்பிரிவினையாகிக் கம்பெனி இரண்டானபோது வெளியே வந்து லோடு ஆட்டோ வாங்கினேன்.

அதனால் வீட்டில் ரெக்கார்டிங் என்று ஆரம்பித்ததும் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிற ஆள் யார் என்ற கேள்வியே எழவில்லை.

எங்கள் வீட்டுக்கு எதிரே ஒரு ஆஃப்செட் அச்சகம் இருக்கிறது. மத்தியானம் ஒன்றிலிருந்து இரண்டு வரை சாப்பாட்டுக்காக மெஷினை நிறுத்துவார்கள். எங்களுக்குக் கிடைப்பது அந்த ஒரு மணி நேரம்தான். அவள் வேலையிலிருந்து வேகவேகமாக நடந்து வருவாள். பின்னறையில் சுவரை ஒட்டிக் காலண்டர் வேஸ்ட் கட்டுகளை ஆள் உயரத்துக்கு அடுக்கி, அதன் மேல் பழைய மெத்தையையும் சாக்குகளையும் தொங்கவிட்டிருந்தாள். யோசனையும் அவளுடையது, சுமந்ததும் அவள். கதவைச் சாத்தி, ஃபேனையும் லைட்டையும் அணைத்துவிட்டு, மானிட்டர் வெளிச்சத்தில் நான் உட்காருவேன். செல்போன் டார்ச்சைப் புத்தகத்தின் மேல் அடித்துக்கொண்டு அவள் வாசிப்பாள். நாற்பது நிமிடம் வாசிப்பு, பத்து நிமிடம் சோறு, மறுபடியும் ஓட்டம்.

அந்த நாற்பது நிமிடத்தில் நான் அதிகம் சொன்ன வார்த்தை ‘இன்னொரு தடவ.’

“ஏன், என்னவாம்?”

“மந்தமா இருக்கு. ச-னா எடுபட மாட்டேங்குது. அழுத்திச் சொல்லு.”

அவள் அழுத்திச் சொல்வாள். இன்னும் என்பேன். நாற்பது நிமிடத்தில் இரண்டு பக்கம்கூட முடியாத நாட்கள் உண்டு. தொண்டை கம்மினால் வெந்நீர் கொடுத்து மறுபடியும் உட்கார வைப்பேன். நல்லதுக்குத்தானே சொல்கிறோம் என்ற நினைப்பு. கோபம் வந்தால் எனக்கு வாய் நீளம். ஒரு நாள், “காலண்டர் வாசிக்கிற வாய்க்குக் கதை எங்கிட்டு வரும்” என்று சொல்லிவிட்டேன். அன்றைக்கு அவள் சாப்பிடாமலே வேலைக்குப் போனாள். ஆனால் மறுநாள் ஒரு மணிக்கு வந்து உட்கார்ந்தாள். அவள் வாசித்து முடித்த பிறகு, நான் கம்ப்யூட்டரில் குரலைக் கூர்மையாக்குகிற ட்ரெபிளை நன்றாக ஏற்றிவிடுவேன். அப்போதுதான் எனக்குக் குரல் பளிச்சென்று விழும்.

தன் குரலைத் தானே கேட்பது ஒரு மாதிரி கூச்சமாக இருக்கிறது என்று அவள் பதிவு எதையும் போட்டுக் கேட்டதில்லை. இரண்டாவது மாதிரியும் திரும்பி வந்த அன்றுதான் முதல்முறையாக ஹெட்செட்டை வாங்கி மாட்டினாள். பாதியில் கழற்றினாள்.

“பீப்னு கேக்கத்தான செய்யுது. நம்ம யூ.பி.எஸ். கத்துறது.”

“எனக்குக் கேக்கலயே.”

“கரண்ட் போயிருக்கும். லைட்டும் ஃபேனும் நிப்பாட்டிட்டு உக்காந்தா நமக்கு எங்க தெரியுது?”

“நெட்ல ஏத்தும்போது வந்திருக்கும். மைக் சரியில்லன்னா எல்லாந்தான் கேக்கும்.”

இதில் முதல் பாதிக்கும் இரண்டாம் பாதிக்கும் சம்பந்தமே இல்லை என்று இப்போது புரிகிறது. அப்போது அதை அடித்துச் சொன்னேன். அவள் ஹெட்செட்டை மேஜையில் வைத்தாள். பிறகு, “டிவிய எதுத்த வீட்டுக்கும் சேத்துத்தான் வைக்கிறீக” என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போனாள். அதை நான் பெரிதுபடுத்தவில்லை. எங்கள் தெருவில் எல்லோருமே சத்தமாகத்தான் பேசுவோம். எந்நேரமும் ஏதாவது ஒரு மெஷின் ஓடிக்கொண்டிருக்கிற இடத்தில் ஒருவருக்குக் காது மந்தம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பணத்தை எடுத்துக்கொண்டு இருவரும் மதுரைக்கு பஸ் ஏறினோம். மைக், ஸ்பீக்கர் எல்லாம் விற்கிற கடை அது. கடைக்காரர் என்னைவிட வயதில் இளையவர், பொறுமைசாலி. நான் யூடியூபில் பார்த்து வைத்திருந்த மைக்கின் நம்பரைச் சொன்னேன். அவர் உடனே எடுத்துத் தரவில்லை.

“இப்ப எதுல எடுக்குறீங்கண்ணே? ரெக்கார்டிங் ஏதும் கையில இருக்கா? கேட்டுட்டுச் சொல்றேன். சும்மா காசக் கொண்டுபோய்க் கொட்டக் கூடாது.”

பென்டிரைவில் இரண்டாவது மாதிரி இருந்தது. அதைக் கடையிலிருந்த பெரிய ஸ்பீக்கரில் போட்டார். அரை நிமிடம்கூட ஆகவில்லை, முகத்தைச் சுளித்துக்கொண்டு சத்தத்தைக் குறைத்தார்.

“குரல் அருமையா இருக்கு. ரூமும் நல்லா அடச்சிருக்கீங்க, எதிரொலியே இல்ல. ட்ரெபிள யாருண்ணே இம்புட்டு ஏத்துனது? காதக் கிழிக்குதே.”

நான்தான் என்றேன்.

“இந்தா, பின்னாடி யூ.பி.எஸ். வேற கத்துது. கேக்குதா?”

நான் ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் போய் நின்றேன். என் மனைவியின் குரல் கேட்டது. வேறு எதுவும் கேட்கவில்லை. “இப்ப... இப்ப...” என்று அவர் ஒவ்வொரு பீப்புக்கும் விரலைத் தூக்கிக் காட்டினார். என் மனைவியின் தலையும் அதே கணக்கில் லேசாக அசைந்தது. நான் அவர் விரலையும் அவள் தலையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன். எத்தனையோ பேர் நடுவில் நின்று ‘இந்த லாட் தேறாது’ என்று சொன்னவன் நான். அந்தக் கடையில் இரண்டு பேருக்கும் கேட்கிற ஒன்று எனக்குக் கேட்கவில்லை.

கடைக்காரர் பதிவை நிறுத்தினார். “அண்ணே, தப்பா நினைக்காதீங்க. உங்களுக்கு மைக் விக்கிறதுல எனக்கு லாபந்தான். ஆனா மொதல்ல காத ஒரு தடவ காட்டிருங்க” என்றார்.

எனக்கு வந்த கோபத்தில் பென்டிரைவை எடுக்க மறந்து வெளியே வந்துவிட்டேன். அவள்தான் வாங்கிக்கொண்டு வந்தாள். நான் பஸ் ஸ்டாண்டை நோக்கி நடந்தேன். அவள் என் சட்டைக் கையைப் பிடித்தாள். நடுரோட்டில் அவள் அப்படிச் செய்கிறவள் இல்லை.

“காதக் காட்டிட்டுப் போவம்.”

“இருக்கிற காசுக்கு மைக் வாங்கணும். உனக்குத்தான் வேலை போகுது.”

“மைக்கு கேக்குறதெல்லாம் ஒழுங்காத்தான் கேக்குது. நீங்கதான் கேக்கல.”

அவள் அதைச் சத்தமில்லாமல்தான் சொன்னாள். வாயசைவைப் பார்த்துப் புரிந்துகொண்டேன். அப்படிப் பார்த்துத்தான் எத்தனையோ நாளாகப் புரிந்துகொண்டு வருகிறேன் என்பதும் அப்போதுதான் உறைத்தது.

ஞாயிற்றுக்கிழமை என்பதால் காது பார்க்கிற இடத்தில் அன்றைக்கு ஆள் இல்லை. திங்கட்கிழமை அவள் லீவு போட்டாள், மறுபடியும் போனோம். காது பரிசோதிக்கிற பெண் என்னைக் கண்ணாடி வைத்த சின்ன அறையில் உட்கார வைத்து, ஹெட்போனை மாட்டி, சத்தம் கேட்டால் பட்டனை அழுத்தச் சொன்னார். முதலில் கனத்த சத்தங்கள் வந்தன. டக் டக்கென்று அழுத்தினேன். அப்புறம் வெகு நேரம் ஒன்றும் வரவில்லை. மெஷினில் ஏதோ கோளாறு என்று நினைத்து நிமிர்ந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அந்தப் பெண் ஒவ்வொரு பட்டனாகத் தட்டிக்கொண்டேதான் இருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து என் மனைவி அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குப் பயமாக இருந்தது.

தாளில் கோடு போட்டுக் காட்டினார். பாதி வரை நேராக வந்த கோடு சடாரென்று கீழே இறங்கியிருந்தது. மெல்லிய, கீச்சென்ற சத்தங்கள், பேச்சில் ச, ஸ போன்றவை எனக்கு விழுவதில்லை என்றார். வெடிச் சத்தம் தின்றது திரும்பி வராது. இருப்பதைக் கருவி வைத்துத் தூக்கிக் கொடுக்கலாம். “காதுக்குள்ள இரைச்சல் இருக்குமே?” என்று கேட்டார்.

“ஒரு வண்டு மாதிரி, எந்நேரமும். அது எல்லாருக்கும் இருக்கிறதுதான?”

அந்தப் பெண் தாளில் எதையோ குறித்துக்கொண்டார். “அதெல்லாம் எனக்கு இல்லையே” என்றாள் என் மனைவி.

எங்கள் பணத்துக்கு ஒரு காதுக்குத்தான் கருவி வரும். எந்தக் காதை முதலில் என்று ஒரு பேச்சு ஓடியது. அதைக் கேட்டதும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒரு மாதமாக வீட்டில் ஓடிய பேச்சு இங்கேயும் வந்து நிற்கிறதே என்று எனக்கும் சிரிப்பு வந்தது. வலது காதைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒரு வாரம் மாட்டிப் பார்த்துவிட்டுப் பிறகு பணம் கட்டலாம் என்று கொடுத்துவிட்டார்கள். பஸ்ஸில் வரும்போது டிக்கெட் கிழிக்கிற சத்தம்கூடக் கரகரவென்று விழுந்தது. விருதுநகர் தாண்டி ஆமத்தூர் வருவதற்குள் தலைவலி வந்துவிட்டது.

மூன்றாவது மாதிரிக்கு ஆறு நாள் இருந்தது. அவளுக்கோ தொண்டை கட்டிக்கொண்டது. மதுரைக்குப் போவதற்கு முந்தின வாரம் முழுக்க நான் அழுத்தச் சொல்லி அழுத்தியதன் பலன். புதிதாக வாசிக்க வழியில்லை. அவள் கம்ப்யூட்டர் முன்னால் வந்து உட்கார்ந்து ஒரு ஃபோல்டரைத் திறந்தாள். ‘மொத புரூஃப்’ என்று பெயர் வைத்திருந்தாள். அப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது.

காலண்டர் ஆபீசில் ஒரு பழக்கம் உண்டு. எத்தனை திருத்தம் போட்டாலும் முதல் புரூஃபைக் கிழிக்க மாட்டார்கள். லோடு போய்ச் சேர்ந்து ஆர்டர் கொடுத்த பார்ட்டி சரி என்று சொல்லும் வரை கட்டிப் பரணில் போட்டிருப்பார்கள். நாளைக்கு ஏதாவது பிழை என்று வந்தால் அது எங்கே நுழைந்தது என்று பார்க்க அதுதான் சாட்சி. அந்தப் பழக்கத்தில், நான் வேண்டாம் என்று தள்ளியவற்றை எல்லாம் அவள் அழிக்காமல் எடுத்து வைத்திருந்தாள்.

“இதக் கேளுங்க” என்றாள்.

கருவியின் மேல் ஹெட்செட்டை வைத்தால் கூவியது. அதனால் ஸ்பீக்கரில் போட்டாள். எதிரே மெஷின் நின்றிருந்த நேரம். மாதிரிக்காக எடுத்த அத்தியாயத்தின் முதல் பக்கம். முதல் வரியை நான் பதினான்கு முறை சொல்ல வைத்திருந்தேன், ஒவ்வொன்றுக்கும் நம்பர் போட்டு வைத்திருந்தாள். முதலாவதில் எல்லா எழுத்தும் இருந்தது. ச, ஸ எல்லாம் எண்ணெய் தேய்த்துச் சீவிய தலைபோலப் படிந்து கிடந்தது. இரண்டாவதும் அப்படியே. ஐந்தாவதில் லேசாக அழுத்தம் ஏறியது. ஒன்பதாவதில் அது வாசிப்பே இல்லை, யாரிடமோ திட்டு வாங்கிக்கொண்டிருக்கிறவள் பேச்சு. பதினான்காவதில் சீறியது. நான் ‘ஓகே’ சொன்னது அந்தப் பதினான்காவதுக்கு.

பிழை எங்கே நுழைந்தது என்பதற்குச் சாட்சி அங்கே நம்பர் போட்டு வரிசையாக இருந்தது. ஒன்றரை வருடம். அவளுக்கு ச-னா வராது என்று சொல்லிச் சொல்லி, அவளே அதை நம்பி, வேலைக்குப் போகிற வழியில் உதட்டுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே நடந்ததை நான் ஆட்டோவிலிருந்து பார்த்திருக்கிறேன். முயற்சி பண்ணுகிறாளே என்று அப்போது சந்தோஷப்பட்டேன்.

“எனக்கு ஏன் இதெல்லாம் காட்டல?”

“காட்டுனா மட்டும்? கேக்கவா போறீக?” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அந்த ஃபோல்டரிலிருந்து அவள் முதல்முதலாக வாசித்ததை மட்டும் எடுத்து ஒட்டினோம். இருமலையும் பக்கம் திருப்புகிற சத்தத்தையும் யூ.பி.எஸ். கத்திய இரண்டு இடங்களையும் அவள் சொல்லச் சொல்ல நான் வெட்டினேன். ட்ரெபிள் பக்கமே கை போகவில்லை. அனுப்பிவிட்டு, கருவிக்குப் பணம் கட்டினோம். இருபத்தைந்தாயிரம் அதோடு சரி.

எட்டாம் நாள் பதில் வந்தது. அவள்தான் வாசித்தாள், கதை வாசிக்கிற குரலில் இல்லை, காலண்டர் வாசிக்கிற குரலில். ‘மாதிரி ஏற்கப்பட்டது. புது மைக் வாங்கிவிட்டீர்கள் போலிருக்கிறது. இதையே தொடர்ந்து பயன்படுத்துங்கள்.’

இரண்டு முறை வாசித்தாள். அவள் கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான்.

“இனிமே நீயே உக்காந்து கேட்டு எடுத்துக்க. நான் அந்தப் பக்கமே வரல” என்றேன்.

“ஏன் வரல? நீங்கதான் உக்காரணும்.”

“இந்தக் காத வச்சுக்கிட்டா?”

“பீப்பு, இருமல் எல்லாம் நான் பாத்துக்கிடுதேன். நீங்க கேட்டுட்டு, நல்லா இருந்தா நல்லா இருக்குன்னு சொல்லணும். அம்புட்டுதான். இந்த ஒன்றரை வருசத்துல ஒரு தடவகூடச் சொன்னதில்ல.”

யோசித்துப் பார்த்தேன். உண்மைதான். ஒரு தடவைகூடச் சொன்னதில்லை.

தை பிறந்த பிறகு அவளுக்கு நடந்து வருகிற அவசரம் இல்லை. ஆனாலும் அதே ஒரு மணிதான், எதிரே மெஷின் நின்றால்தானே. கதவைச் சாத்தினேன், லைட்டை அணைத்தேன், யூ.பி.எஸ்ஸைக் கழற்றி முன்னறையில் வைத்துவிட்டு வந்தேன். பழைய மைக் முன்னால் அவள் உட்கார்ந்து முதல் பக்கத்தை வாசித்தாள். போட்டுக் கேட்டேன்.

“நல்லா இருக்கு” என்றேன்.

அவள் சும்மா இருந்தாள். ஒருவேளை ஏதாவது சொல்லி எனக்குத்தான் விழவில்லையோ என்று திரும்பிப் பார்த்தேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, டார்ச்சைச் சரிசெய்து, அடுத்த பக்கத்தைத் திருப்பினாள்.